ஐந்து கிலோவுக்கு அரை மில்லி

பக்கம் இருநூற்றுப் பதினான்கைத் திறக்கிறார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அச்சடித்த எண்கள் இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எதையோ எழுதுகிறார். மை காய மூன்று முறை ஊதுகிறார். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார். விலை கேட்பதில்லை. வாங்குவதில்லை. திருடுவதும் இல்லை.

இப்படி ஓர் ஆசாமி பழைய புத்தகச் சந்தில் திரிவதாக வதந்தி. கை வைப்பது நர்சிங் பாடப்புத்தகத்தில் மட்டும்தானாம். காதல் தோல்வி என்றது ஒரு கட்சி; யாரோ ஒரு நர்சுக்கு அந்தப் பக்கத்தில் சேதி விட்டுப் போகிறாராம். போட்டிப் பதிப்பகத்தின் கையாள் என்றது இன்னொரு கட்சி. நர்சிங் மாணவிகள் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட விபரீதம்: சிவப்பு விழுந்த புத்தகத்தை வைத்துப் படித்தால் நிச்சயம் ஃபெயில்.

பத்திரிகைக்காரன் என்பதால் வதந்திகளிடம் எனக்குத் தொழில்முறை மரியாதை உண்டு. சம்பளம் இல்லாமல் எவ்வளவு உழைக்கின்றன! ஆனாலும் ஒரு புத்தகம் ஒருவரை ஃபெயிலாக்கும் என்பதை விசாரிக்காமல் விட மனம் வரவில்லை. பாடப்புத்தகங்கள் அந்த வேலையைப் பொதுவாகச் சிவப்பு மை இல்லாமலேயே செய்யக்கூடியவை.

சந்தின் மூன்றாவது கடைக்காரர் வாயில் சணல் கயிற்றைக் கடித்துக்கொண்டு கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் கயிற்றைத் துப்பினார்.

"யாரு, அரைமில்லியா? அஞ்சே முக்காலுக்கு வருவாரு. அஞ்சே முக்கால்னா அஞ்சே முக்கால்தான். நீங்க ஆடி அசைஞ்சு அஞ்சு அம்பதுக்கு வந்தா, போயே போயிருப்பாரு."

"அரைமில்லியா? குடிக்கிற ஆளா?"

"அய்யய்யோ, டீயில சர்க்கரை ரெண்டுன்னு போட்டாலே ஒண்ணே முக்கால் போதும்பாரு சார். அவரு எழுதுறது அதுதான், அரை மில்லின்னு. பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு."

"பைத்தியமோ?"

"பைத்தியத்த நான் கிட்ட சேர்ப்பேனா? என் கடைய பாடவாரியா அடுக்கித் தந்த ஒரே மனுஷன் அவருதான். அதுக்கு முன்னாடி இங்க பிரசவமும் பணவீக்கமும் ஒண்ணாக் கெடந்துச்சு. யாரு எதக் கேட்டாலும் ரெண்டையும் எடுத்து நீட்டுவேன்."

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டாம். கடைக்கு வந்திருக்கும் நர்சிங் புத்தகங்களில் அவர் எழுதிக்கொள்ளலாம். பதிலுக்குப் பத்து நிமிடம் அலமாரி அடுக்கித் தர வேண்டும்.

சரியாக ஐந்தே முக்காலுக்கு வந்தார். ஒல்லி. கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. அந்த இடத்தைத் துணிப்பையால் மறைத்துப் பிடித்திருந்தார். பையில் இரண்டு சிவப்புப் பேனா, ஒரு மரஸ்கேல், ஒரு தண்ணீர்ப் பாட்டில். அன்று சிக்கியது நான்கு புத்தகம். நான்கிலும் எழுதி, ஊதி, செருகி முடித்தார்.

"என்ன எழுதுறீங்க?" என்றேன்.

"திருத்தம்."

"யாரு பண்ணின தப்பு?"

"நான் பண்ணினது."

பல்லைப் பிடுங்குவதுபோல் மனிதர்களிடமிருந்து உண்மையைப் பிடுங்கிப் பழகியவனுக்கு, பல் தானே கையில் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? டீ சாப்பிடலாமா என்று கேட்டுச் சமாளித்தேன். டீக்கடைக்காரர் பால் வர ஐந்து நிமிடம் ஆகும் என்றார். "அஞ்சா, ஏழா?" என்றார் இவர். கடைக்காரர் முறைத்தார். "இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று இவர் பின்வாங்கினார். ஏழு நிமிடம் ஆயிற்று.

தொழில், மெய்ப்புத் திருத்துவது. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை பொறுக்குகிற வேலை. ஒரே பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம். "இருபத்தாறு வருஷம் நாலு மாசம்" என்று திருத்தினார். எதையும் முழு எண்ணாக்கிச் சொல்வதில்லை என்று ஒரு விரதம். வயது ஐம்பத்தெட்டும் ஏழு மாதமும். வீடு இங்கிருந்து ஆயிரத்து அறுநூற்று நாற்பது அடி. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு வருடம் இரண்டு மாதமாக என்றார்.

மறுநாள் அந்தப் பதிப்பகத்துக்குப் போனேன். முன்னறையில் முதலாளி, சுழல் நாற்காலி, கண்ணாடி அலமாரி. அலமாரியில் இரண்டே வகைப் புத்தகங்கள்: வளர்ச்சிப் பொருளாதாரம், நர்சிங். இந்த இரண்டுக்கும் என்ன உறவு என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது. முதலாளிக்கு இரண்டு பெண்கள். பெரிய மாப்பிள்ளை கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார். சின்ன மாப்பிள்ளை நர்சிங் பள்ளியில் முதல்வர். பெரியவர் பெயரில் புத்தகம் வந்ததும் சின்னவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் நர்சிங் புத்தகம் தீர்மானமாயிற்று. ஏழை நாடுகள் எப்படி முன்னேறும் என்பதும், நோயாளியைப் படுக்கையில் எப்படிப் புரட்டுவது என்பதும் ஒரே அட்டை நிறத்தில், ஒரே அளவில், ஒரே எழுத்தில் வெளிவருவதன் வரலாறு இதுதான்.

பின்னறை இவருடையது. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். பசையும் மையும் கலந்த வாடை. மேசையில் இடது பக்கம் பொருளாதாரக் கட்டு, வலது பக்கம் நர்சிங் கட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை, செங்குத்தாக, ஆணி அடித்து நிறுத்தியிருந்தது. சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிகள் எழுப்புகிற மாதிரிச் சுவர்.

"இது என்ன?"

"நானே அடிச்சேன். முதலாளி ஏன்னு கேட்டாரு. காத்துக்குக் காகிதம் பறக்குதுன்னு சொன்னேன். இந்த சன்னல்ல காத்தே வராது. அவரும் இதுவரைக்கும் யோசிக்கல."

பலகை வருவதற்கு முன் அந்த மேசையில் இன்னோர் ஆள் இருந்தார். படிக்கிற அம்மா என்று அவருக்குப் பெயர். அவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிப்பார். இவர் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒவ்வோர் எண்ணும் சரியாக இருந்தால் ஆள்காட்டி விரலால் மேசையில் ஒரு தட்டு. தட்டு விழுந்தால்தான் அந்த அம்மா அடுத்த எண்ணுக்குப் போவார். இவர் கொஞ்சம் அசந்தால், "தட்டு பாக்கி" என்று குரல் கொடுப்பார். பதினெட்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் முதலாளிக்கு ஞானோதயம்: கண்ணிருக்கிற மனுஷனுக்கு எதற்கு இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும்? அந்த அம்மாவை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அறையில் சத்தமே இல்லை.

பிழை நடந்தது அதற்கு ஏழாவது மாதம்.

பெரிய மாப்பிள்ளைக்குத் தசமப் புள்ளி ஆகாது. ஒரு குடும்பத்தில் சராசரியாக 4.6 பேர் என்று போட்டால், அந்தப் புள்ளி ஆறு பேர் எங்கே உட்காருவார் என்று வகுப்பில் கடைசி வரிசை கேட்கிறதாம். ஆகவே மறுபதிப்பில் அட்டவணைகள் எல்லாம் முழு எண்ணுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. அரையும் அதற்கு மேலும் இருந்தால் ஏற்று. அரைக்குக் கீழே என்றால் விடு.

இவர் காலையில் உட்கார்ந்தார். ஒரு வட்டாரத்தில் ஏழைகள் நூற்றுக்கு 29.5, பக்கத்து வட்டாரத்தில் 30.4. இரண்டும் முப்பது. இத்தனை வருடக் கூட்டங்களாலும் குழுக்களாலும் முடியாத காரியம், ஒரு சிவப்புப் பென்சிலால் மத்தியானத்துக்குள் முடிந்தது: ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. ஒரு தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் 2.4. அது இரண்டாயிற்று. புள்ளி நான்கு குழந்தை காணாமல் போனது. தேடி யாரும் வரவில்லை. இப்படி நாற்பத்தோர் அட்டவணை. நாற்பத்திரண்டாவதையும் அதே கையோடு முடித்து, தாளைத் திருப்பிப் போட்டு, வீட்டுக்குப் போனார்.

நாற்பத்திரண்டாவது அட்டவணை பொருளாதாரம் இல்லை. அடியில் கிடந்த நர்சிங் தாள். குழந்தைக்கு வலிப்பு வந்தால் போட வேண்டிய ஊசி மருந்தின் அளவு, எடை வாரியாக. ஐந்து கிலோவுக்கு அரை மில்லி, பத்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்றரை, இருபதுக்கு இரண்டு. இவர் திருத்திய பிறகு: ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு.

பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! எவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெயரைப் போட்டுக்கொண்ட சின்ன மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை; முன்னுரையையே இவர்தான் எழுதிக் கொடுத்தார். மூவாயிரம் பிரதி. இரண்டு வருடம் விற்றது. மாணவிகள் மனப்பாடம் செய்தார்கள், ஒப்பித்தார்கள், பாஸானார்கள், வேலைக்குப் போனார்கள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

பலகையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணும் நர்சிங்தான் படிக்கிறா. சின்ன வயசுலேர்ந்து அவ ஒப்பிப்பா, நான் புஸ்தகத்தப் பிடிச்சுக்கிட்டு சரியா இருந்தா தட்டுவேன். ஆபீஸ் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. அன்னிக்கு சொல்றா: அஞ்சு கிலோ, ஒரு மில்லி. தட்டினேன். பத்து கிலோ, ஒரு மில்லி. விரல் நின்னுடுச்சு. நான் என்ன டாக்டரா? ஆனா காதுக்குத் தெரியுது சார். ஒரு குழந்தை இன்னொண்ண விட ரெண்டு மடங்கு கனம், மருந்து மட்டும் எப்படி ரெண்டுக்கும் ஒரே அளவு? கண்ணுக்கு ரெண்டு வருஷமாத் தெரியாதது, காதுக்கு ஒரு நொடியில தெரிஞ்சுது."

பரணில் சாக்கில் கிடந்த மூலப்பிரதியை அன்றே எடுத்துப் பார்த்தார். அரை என்றுதான் இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பென்சில். தன் கையெழுத்து.

முதலாளியிடம் ஓடினார். அந்த உரையாடலை முதலாளியே எனக்கு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நல்ல மனிதர், தன்னைப் பற்றி மறைக்க எதுவும் இல்லை என்று உண்மையிலேயே நம்புகிறார்.

"ஒரு சின்ன சீட்டு அடிச்சு உள்ள ஒட்டணும்னாரு. நான் கேட்டேன், இத்தன நாள்ல ஒருத்தராவது கேட்டாங்களா? இல்லன்னாரு. கேக்காத கேள்விக்கு நாம ஏன்யா பதில் சொல்லணும்? தப்பு இருக்குன்னு நாமளே சீட்டு ஒட்டினா பாடத்திட்டத்துலேர்ந்தே புஸ்தகத்தத் தூக்கிடுவாங்க. அப்புறம் சின்ன மாப்பிள்ளை மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? என் பொண்ணு மறுபடியும் சாப்பிட மாட்டா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்னேன். பெரிய மனசு பண்ணி வேலையிலயும் வெச்சிருக்கேன். அதச் சொன்னாரா உங்ககிட்ட?"

அடுத்த பதிப்பும் வந்தது. அட்டை புதிது. முன்னுரை நீண்டது. சின்ன மாப்பிள்ளையின் முழுப்பக்கப் படம், ஸ்டெதஸ்கோப்போடு. மற்றதெல்லாம் பழைய அச்சுப் படிவத்திலேயே ஓட்டிவிட்டார்கள், செலவு மிச்சம் என்று. ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு அப்படியே இருந்தது. ஒரே ஒரு மாற்றம்: முன்னுரையும் படமும் இரண்டு பக்கம் கூடுதலாகத் தின்றதால், பக்கம் இருநூற்றுப் பதினான்கு இப்போது இருநூற்றுப் பதினாறு. நாலாயிரம் பிரதி.

ஆகவே ஆபீஸ் முடிந்ததும் இவர் நடக்கிறார். கடைகள், விடுதி வாசல்கள், நூலகங்கள். நூலகத்தில் இரண்டு முறை பிடிபட்டு, புத்தகத்தைப் பாழாக்கிய குற்றத்துக்கு உறுப்பினர் அட்டையை இழந்தார். இப்போது தூரத்துச் சொந்தக்காரர் அட்டையில் போகிறார். இதுவரை ஆயிரத்து எண்பத்தேழு. "சொச்சம் ஆறாயிரமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணு" என்றார், என்னைப் பார்க்காமல். அதில் ஜெராக்ஸ் சேர்த்தி இல்லை. விடுதிக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு புத்தகம் உள்ளே போனால் முப்பதாக வெளியே வருகிறது. திருத்தாத புத்தகம் போனால் முப்பது தப்பு. திருத்திய புத்தகம் போனால் முப்பது சரியாக வருமே என்றால், சிவப்பு மை அந்த இயந்திரத்தில் விழுவதில்லையாம். அது தெரிந்து கறுப்புக்கு மாறினார். கறுப்பில் எழுதினால் மாணவி கிறுக்கியதென்று யாரும் மதிப்பதில்லை. மறுபடியும் சிவப்பு.

ஒரு முறை ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். குழந்தைகள் வார்டு வாசலில் மூன்று மணி நேரம் நின்று, தலைமை நர்சைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். அவர் இரக்கமுள்ளவர். "இங்க டாக்டர் எழுதுறததான் நாங்க போடுவோம், நீங்க கவலப்படாம போங்கய்யா" என்றார். படியிறங்கியவரைப் பின்னாலேயே கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கி, "டாக்டர் இல்லாத இடத்துல என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையானவர்களால் வருகிற தொல்லை இது.

"எந்தக் குழந்தைக்காவது..." என்று ஆரம்பித்து நான் முடிக்கவில்லை.

"தெரியாது சார். ஆச்சுன்னு சொல்லவும் ஆள் இல்ல. ஆகலன்னு சொல்லவும் ஆள் இல்ல." இடதுபக்கக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். "பெரிய மாப்பிள்ளை புஸ்தகத்துல குழந்தை இறப்பு விகிதம்னு ஒரு அட்டவணை இருக்கு. ஆயிரத்துக்கு இத்தனன்னு. வருஷா வருஷம் புதுக் கணக்கு வரும், நான்தான் சரிபாப்பேன். போன வாரம் வந்துச்சு. அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இதுல என்னுது எத்தனைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒண்ணு ரெண்டு இருந்தாலும் முழு எண்ணுல மறைஞ்சு போயிடும் சார். அரைக்குக் கீழன்னா விடுன்னுதானே உத்தரவு."

தாளை இருந்த இடத்தில் வைத்து, ஓரம் சரிசெய்தார்.

வதந்தியின் மூன்றாவது பகுதி பாக்கியிருக்கிறது: சிவப்பு விழுந்த புத்தகத்தைப் படித்தால் ஃபெயில். அது வதந்தியே இல்லை, உண்மை. நான்கு மாதத்துக்கு முன் நடந்த தேர்வில் அந்த அட்டவணையிலிருந்து ஒரு கேள்வி. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு எவ்வளவு மருந்து? விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு வழிகாட்டுவது இதே புத்தகம். ஒன்று என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. அரை என்று எழுதினால் சுழி. விடுதிகளில் சேதி பரவியது. இப்போது பிள்ளைகள் பழைய புத்தகம் வாங்கியதும் முதல் காரியமாக வெள்ளை மை வாங்கி, அவருடைய அரையை அழித்து, மேலே ஒன்று என்று எழுதிக்கொள்கிறார்கள். அச்சில் இருந்ததைவிடத் தெளிவாக.

அந்தத் தேர்வில் அரை என்று எழுதியவர்களில் அவர் மகளும் உண்டு. அந்த ஒரு தாளில் மட்டும் அவள் தேறவில்லை. வாங்கியது நாற்பத்தொன்பதரை. தேற ஐம்பது வேண்டும். அரையை முழுதாக்கும் பழக்கம் தேர்வுத் துறைக்கு இல்லை. இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுகிறவனாக இருந்தால் இவ்வளவு கச்சிதமாகச் செய்ய வெட்கப்பட்டிருப்பேன்.

மறுதேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை அறை. அரை என்பது சமையலுக்கு. அவர் மனைவி என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கணவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஊர்ல இருக்கிற புஸ்தகத்துக்கெல்லாம் புள்ளி வெக்கிற மனுஷன், தன் சட்டைக்கு ஒரு பட்டன் வெச்சுக்க மாட்டாரு. கழட்டிக் குடுங்கன்னாலும் மாட்டாரு, கடை சாத்திடுவாங்கன்னு ஓடுவாரு. நீங்களாவது எழுதுங்க சார் பத்திரிகையில."

எழுதிவிட்டேன்.

மகள் மேசைக்கு முன்னால் தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது. ஓர் ஆஸ்பத்திரியில் இடம் வைத்திருக்கிறார்கள், மாதக் கடைசி வரைக்கும்தான். இதில் தேறினால் உண்டு. தேறாவிட்டால் வரிசையில் அடுத்த பெண்ணுக்கு.

"அதே கேள்வி மறுபடியும் வரும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள் என்னிடம். "வந்தா ஒண்ணுன்னுதான் எழுதப் போறேன். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டா" என்றார் அவர்.

"என்னப்பா தப்பு? பரீட்சையில ஒண்ணுன்னு எழுதறேன், வார்டுல அரைன்னு போடறேன். நான் என்ன மறந்தா போயிடுவேன்?"

"நான் மட்டும் மறந்தாம்மா போட்டேன்? அரை வேற ஒண்ணு வேறன்னு எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து அதையே எழுதிக்கிட்டிருந்த கை. அதுவாப் போட்டுடுச்சு."

"அப்ப ஃபெயிலாகட்டுமா? அதச் சொல்லுங்க. உங்க புள்ளிக்காக நான் வீட்டுலயே உக்காந்துக்கறேன். அரைன்னு தெரிஞ்ச ஒருத்தி வார்டுக்குள்ளயே போகாம இருக்கறது யாருக்குப்பா நல்லது? அந்தக் குழந்தைக்கா?"

அவருக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாணவர்களுக்காகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களில் யாருக்காவது தெரிந்தால், பின்குறிப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் மனைவி சமையல் பக்கத்தில் ஏதோ பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் இறங்கி வந்தாள். புத்தகத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள். "சரி, பிடிங்க. நேரமாகுது."

அவர் கண்ணாடியின் நூலைக் காதில் மாட்டிக்கொண்டார். புத்தகத்தைப் பிரித்து இடது கையில் பிடித்தார். வலது ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். பிறந்த குழந்தையின் நாடித்துடிப்பு; ஒரு தட்டு. மூச்சு எண்ணிக்கை, ஒரு தட்டு. உடல் வெப்பம், பால் கொடுக்கும் இடைவெளி, எடை கூடும் அளவு. தட்டு, தட்டு, தட்டு. குரலும் விரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. மகளோடு இத்தனை வருடம் இப்படித்தான் பேசியிருக்கிறார் என்று தோன்றியது. பக்கம் புரண்டது. இருநூற்றுப் பதினான்கு, அவர்கள் வீட்டில் இருப்பது பழைய பதிப்பு. அவர் சிவப்பில் திருத்திய முதல் பிரதி அதுதான்.

"வலிப்பு மருந்து. அஞ்சு கிலோ..." அவள் நிறுத்தினாள். கண்ணைத் திறக்கவில்லை. "ஒரு மில்லி."

சத்தம் இல்லை. சமையல் பக்கத்திலும் சத்தம் இல்லை.

அவள் காத்திருந்தாள். தட்டு விழாமல் அடுத்த எண்ணுக்குப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அப்பா" என்றாள், மூடிய கண்ணோடு. "தட்டு பாக்கி."

விரலைத் தூக்கினார். மேசைக்கு ஓர் அங்குலம் மேலே அது நின்றது. ஓர் அங்குலம் என்பது என் உத்தேசம். அவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, உள்ளே மறுபடியும் அவள் குரல் கேட்டது.

"பாக்கிப்பா."